முட்டு ரப்பர்

ராமநாதபுரத்தில் என் மைத்துனரிடம் அம்பாஸிடர் வண்டி ஒன்று இருக்கிறது. உத்தரபாராவில் அதன் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. எங்கள் குடும்பமோ அதற்கு இன்னும் பென்ஷன் கொடுக்கவில்லை. அமாவாசைதோறும், 1988-ல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தைக் கடந்து மாமியாரை அக்கினி தீர்த்தத்துக்கு அழைத்துச் செல்வது அதுதான். சமீபத்தில் பள்ளம் கண்ட இடமெல்லாம் பின்புறம் 'டங்'கென்று இடித்தது. "இனி நான் வரவில்லையப்பா" என்றார் அம்மையார்.

பின் அச்சுக்கும் வண்டிச் சட்டத்துக்கும் நடுவே இரு பக்கமும் ரப்பர்க் கட்டைகள் உண்டு. பட்டை ஸ்பிரிங் எல்லைமட்டும் வளையும்போது, இரும்போடு இரும்பு மோதாமல் அடியைத் தாங்குவது அவற்றின் தர்மம். எங்கள் வண்டியில் அவை வெடித்துக் கல்லாய் இறுகிக் கிடந்தன. உப்புக் காற்றில் துருவேறிய மரைகள், ஓரிரவு எண்ணெயில் ஊறிய பிறகே அசைந்தன.

"ரப்பரை மாற்றினால் போதாதா, அத்தான்?" என்றார் மைத்துனர்.

மெக்கானிக் ஒப்பவில்லை. "ஸ்பிரிங் தளர்ந்தால் வண்டி தாழும், சிறு பள்ளத்திலும் ரப்பர்தான் அடிபடும். புதிதும் நெடுநாள் நிற்காது" என்றார். சமதரையில் நிறுத்தி இடைவெளியை அளந்தார். வலப்புறம் ஒரு விரற்கடை குறைவு. அங்கே பட்டை ஒன்று முறிந்திருந்தது. ஸ்பிரிங் இரண்டையும் சீர்செய்த பின்னரே புது ரப்பர் ஏறியது. செலவு மூன்று மடங்காயிற்று. ஆனால் தை அமாவாசைக்கு அம்மையார் முனகாமல் போய் வந்தார்.

வீட்டிலும் தேசத்திலும் இப்படி நடுவில் நின்று அடி தாங்குகிறவர்கள் உண்டு. அவர்கள் வெடிக்கும்போது அவர்களையே குறை கூறுகிறோம். தளர்ந்தது எது என்று அளந்து பார்ப்பவர் சிலரே.