பின்பனிக் காலத்து நாற்காலி

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் எனப் பெரும்பொழுது ஆறு என்பதைத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் அழகாக ஒப்புவிப்பார்கள். பினாங்குத் தீவில் பிறந்து வளர்ந்த பிள்ளையிடம் முன்பனிக்கும் பின்பனிக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் மட்டும் அது விழிக்கும். ஆசிரியர் பலகையில் எழுதுவார். பிள்ளை ஏட்டில் எழுதிக்கொள்ளும். தேர்வு முடிந்ததும் இரண்டு பனிகளும் உருகிவிடும்.

இவ்வாறு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆறு பருவங்களையும் கற்பித்து ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஜார்ஜ்டவுனை அடுத்த ஜெலுத்தோங்கில் வாழ்ந்து வந்தார். ஓய்வுக்குப் பின் அவருக்கு ஓர் ஆசை பிறந்தது. வீட்டின் முன்புறத்தில் இரண்டு நாற்காலிகளும் ஒரு சிறு மேசையும் இட்டு, மாலையில் தாமும் மனைவியாரும் அமர்ந்து தேநீர் அருந்த வேண்டும் என்பதே அது. பணி செய்த காலமெல்லாம் மாலைப் பொழுதைப் பயிற்றேடுகள் விழுங்கிவிட்டன. இனியாவது வெளிக்காற்றில் அமரலாமே என்று எண்ணினார்.

2017 செப்டம்பரில் ஒரு கடையின் விளம்பரம் அவர் கண்ணில் பட்டது. கோடை முடிகிறது, தோட்டத்துத் தளவாடங்கள் குறைந்த விலையில் கிடைக்கும் என்று அது கூறியது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அந்தக் கணக்கில் பொருள் உண்டு. அங்கே ஆகஸ்டு, செப்டம்பரோடு வெயிற்காலம் முடிகிறது. அதன் பிறகு முற்றத்தில் யாரும் அமரமாட்டார்கள். இருக்கும் சரக்கைக் குளிர்காலம் முழுதும் கிடங்கில் வைத்துக் காப்பதைவிட விலையைக் குறைத்துத் தள்ளிவிடுவது வணிகருக்கு இலாபம். பொறுத்திருந்து அப்போது வாங்கி, அடுத்த கோடை வரை உள்ளே மூடி வைப்பது அந்நாட்டு மக்களின் சிக்கனம். பினாங்கில் எந்தக் கோடை முடிகிறது என்று கேட்க ஆசிரியருக்குத் தோன்றவில்லை. விலை குறைவு என்ற சொல் கற்றவரையும் சிறிது மயக்கும் அன்றோ!

நிலநடுக்கோட்டிற்கு ஐந்து பாகைக்குச் சற்று வடக்கே உள்ள தீவு அது. ஆண்டு முழுதும் வெப்பநிலை ஏறக்குறைய ஒன்றே. பருவத்தை இங்கே வெப்பமானி காட்டாது. காற்றும் மழையுமே காட்டும். டிசம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தானிலும் திரெங்கானுவிலும் வெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டும்போது, நடுவிலுள்ள மலைத்தொடர் மறித்துக்கொள்வதால் பினாங்கிற்கு மழை குறைகிறது. தென்மேற்குக் காற்றைச் சுமத்ரா தீவு ஓரளவு தடுக்கிறது. இரு காற்றுகளும் மாறும் இடைக்காலங்களில்தான் இங்கே வானம் பொத்துக்கொள்ளும். ஏப்ரல், மே ஒரு முறை. செப்டம்பர் முதல் நவம்பர் வரை மறுமுறை. ஜனவரியில் பெய்யும் மழை, சராசரியாக அக்டோபர் மழையில் நான்கில் ஒரு பங்குகூட இராது. ஆகவே, மேலைநாட்டார் தளவாடங்களை உள்ளே தூக்கி வைக்கும் செப்டம்பரில், பினாங்கின் பெருமழை தொடங்குகிறது. அந்த மாதத்தில்தான் ஆசிரியர் நான்கு நாற்காலிகளையும் ஒரு மேசையையும் வாங்கிவந்து, கூரையில்லாச் சிமெண்டுத் தரையில் பரப்பினார்.

அவை ரப்பர் மரத்தால் ஆனவை. அதைக் கண்டதும் அவர் உள்ளம் இளகியதே வாங்கியதற்கு ஒரு காரணம். அவருடைய தந்தையார் செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்தவர். இருபத்தைந்து, முப்பது ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்த மரங்களை வெட்டிச் சாய்த்து அடுப்புக்கும் புகைக்கூடத்திற்கும் விறகாக்கியதை அவர் சிறுவயதில் பார்த்திருக்கிறார். எரிந்து சாம்பலான அந்த மரம், பிற்காலத்தில் மருந்தேற்றி உலர்த்தும் முறைகள் வந்த பின் நாற்காலியாகவும் கட்டிலாகவும் உருமாறி உலகச் சந்தைக்குச் சென்றது. 1980-களில் அத்தொழில் பெரிதும் வளர்ந்தது. ஆனால் அதே மரத்தின் மற்றோர் இயல்பையும் தோட்டத்துப் பிள்ளையாகிய அவர் அறிந்தே இருந்தார். வெட்டிப் போட்ட சில நாள்களிலேயே அதன் உடலில் நீலம் பாயும், வண்டு துளைக்கும், மழையில் கிடந்தால் மட்கும். மருந்தேற்றிய மரமும் கூரைக்குக் கீழே இருக்க வேண்டியதே. அறிந்ததை அவர் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை. குறை கடையினுடையதன்று, வீட்டிற்குள் வைக்க வேண்டியதை வெளியில் வைத்தவருடையதே.

அவ்வாண்டு நவம்பர் 4, 5 நாள்களில் பினாங்கைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. ஆசிரியர் வீட்டிற்குள் நீர் வரவில்லை. ஆயினும் வெள்ளம் வடிந்த தெருக்களில், மக்கள் வெளியே எறிந்த அலமாரிகளும் மெத்தைகளும் மேசைகளும் குவிந்து கிடந்ததைக் கண்டார். மரத்தூளை அழுத்திச் செய்த பலகைகள் நனைந்த ரொட்டிபோல் ஊதிப் பிளந்திருந்தன. வீடு திரும்பித் தம் நாற்காலிகளைப் பார்த்தார். மூட்டுகளில் கறுப்புக் கோடு ஓடியிருந்தது. ஜனவரி வெயிலில் மரம் சுருங்கியதும் கால்கள் ஆடத் தொடங்கின. “என்னங்க, இதில் உட்கார்ந்து தேநீர் குடிப்பதைவிட நின்றுகொண்டே குடித்துவிடலாம்” என்றார் மனைவியார்.

2018 அக்டோபரில், தீபாவளிக்கு மூன்று வாரங்கள் இருக்கையில், அவர் நகருக்குள் சென்று ஒரு பிரம்புக் கடையைத் தேடிப் பிடித்தார். முன்னாளில் அத்தகைய கடைகளைத் தேட வேண்டியதில்லை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கி, 2000-ஆம் ஆண்டு பிறந்ததும் பழைய கடைவீடுகளின் வாடகை உயர்ந்தது. குறைந்த வாடகையை நம்பியிருந்த கைத்தொழிலாளர் பலர் நகரை விட்டு வெளியேறினர். 2008-இல் ஜார்ஜ்டவுன் உலக மரபுடைமைத் தலமாக அறிவிக்கப்பட்டது. சுவர்களுக்கும் ஓடுகளுக்கும் காவல் கிடைத்தது. அச்சுவர்களுக்குள் வேலை செய்த கைகளுக்கு அக்காவல் சற்றுக் காலம் கடந்தே வந்தது என்றுதான் கூற வேண்டும்.

கடையின் ஐந்தடியில் ஒரு சீன முதியவர் தாழ்ந்த முக்காலியில் அமர்ந்து பழைய நாற்காலி ஒன்றின் அடித்தட்டைப் பின்னிக்கொண்டிருந்தார். மலாய்க்காரர் ‘காக்கி லீமா’ என்றும் நம்மவர் ஐந்தடி என்றும் வழங்கும் அந்த நடைவழி, கூரை உடையது; வெளிப்பக்கம் சுவர் அற்றது. 1822-இல் சிங்கப்பூருக்கு நகரமைப்புத் திட்டம் வகுத்த இராபிள்ஸ், கடைவீடுகளுக்கு முன்னே தொடர்ச்சியான நடைவழி வேண்டும் என்று விதித்தார். பின்னர் இந்நாட்டு நகரங்களிலும் அது பரவியது. வீட்டிற்குள்ளும் அன்று, வெளியிலும் அன்று. வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் நாட்டிற்கு இதைவிடப் பொருத்தமான முற்றம் வேறில்லை.

ஆசிரியர் மலாயில் தம் தேவையைச் சொன்னார். முதியவர் நிமிர்ந்து பார்த்தார்.

“தீபாவளிக்கா வேண்டும், சிக்கு?” ஆசிரியர்களை மலாயில் அழைக்கும் சொல்லால் அவர் எப்படித் தம்மை அழைத்தார் என்பது நம்மவருக்கு விளங்கவில்லை. சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனா காட்டிக் கொடுத்திருக்கலாம்.

“ஆம், தவுக்கே. முடியுமா?”

“முடியாது. அவசரமானால் மேலே தொங்குவதை எடுத்துப் போங்கள். என் கையால் புதிதாகச் செய்ய வேண்டுமானால் சாப் கோ மே கழிந்து வாருங்கள்.”

சாப் கோ மே என்பது சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாள். நான்கு மாதத் தவணை! விற்க மனமில்லாத கடைக்காரரோ என்று ஆசிரியர் ஐயுற்றார். முதியவர் அவர் முகத்தைப் படித்துவிட்டு, பழைய நாற்காலியின் மூட்டைத் திருப்பிக் காட்டினார். சுற்றியிருந்த பிரம்புத் தோலின் இடுக்கில் பூஞ்சணம் படர்ந்திருந்தது. மழைக்காலத்தில் அவசரத்திற்காகக் கட்டியது அது என்றார்.

பிரம்பு மூங்கிலைப் போல் உட்கூடு உடையதன்று. பனை இனத்தைச் சேர்ந்த கொடி அது. உள்ளே நார் நிறைந்து திண்மையாக இருக்கும். காட்டிலிருந்து வெட்டிய பச்சைப் பிரம்பை எண்ணெயில் காய்ச்சி ஈரமும் மெழுகும் நீங்கச் செய்து, பின் வெயிலில் நிறுத்தி உலர்த்துவார்கள். ‘மானாவ்’ என்னும் தடித்த பிரம்பைத் தீயில் வாட்டி வளைத்தால் நாற்காலியின் எலும்புக்கூடு ஆகும். ‘சேகா’ என்னும் மெல்லிய பிரம்பை உரித்தெடுத்த தோல்தான் மூட்டுகளைக் கட்டும் கயிறு. இத்தோலை நீரில் ஊறவைத்துத்தான் பின்ன முடியும். ஈரத்தில் இளகும், உலரும்போது இறுகும். அந்த இறுக்கத்தில்தான் நாற்காலியின் உயிர் இருக்கிறது. பின்னி முடித்த சில நாள்களுக்குக் காய்ந்த காற்றும் நல்ல வெளிச்சமும் வாய்த்தால் மூட்டு இறுகி நிற்கும். காற்றே நனைந்திருக்கும் அக்டோபரில் பின்னினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். பூஞ்சணத்திற்கும் வண்டுக்கும் அது விருந்து.

“அப்படியானால் டிசம்பரில் வரலாமே?”

டிசம்பரிலும் ஜனவரியிலும் வெயில் உண்டு. ஆனால் அவருக்கு நேரம் இல்லை. சீனப் புத்தாண்டிற்குமுன் ஊரெல்லாம் பழைய நாற்காலிகளைப் புதுப்பிக்கக் கொண்டுவந்து குவிக்கும். பெருநாள்கள்தோறும் வீட்டிற்குப் புதுத் தளவாடம் வாங்குவது இந்நாட்டில் எல்லா இனத்தார்க்கும் உள்ள பழக்கம். தீபாவளி பெரும்பாலும் மழையில் வருகிறது. நோன்புப் பெருநாள் ஆண்டுதோறும் ஏறக்குறைய பதினொரு நாள் முன்னே நகர்ந்து, எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. மக்களின் நாள்காட்டி நிலவைப் பார்க்கிறது. பிரம்போ வெயிலைப் பார்க்கிறது. இரண்டுக்கும் இடையே கிடைக்கும் சிறு சந்து, சாப் கோ மே முடிந்து மார்ச்சு நடுவில் மாலைமழை எட்டிப் பார்க்கும் வரை உள்ள சில வாரங்கள்தாம். அப்போது வெயிலும் இருக்கும், செய்பவர் கையும் ஓய்வாக இருக்கும். விலை குறையுமா என்று ஆசிரியர் கேட்டார். விலை எப்போதும் ஒன்றுதான் என்று முதியவர் சிரித்தார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் ஆசிரியர் அந்த வாரங்களை எண்ணிப் பார்த்தார். மாசி மாதம். தாம் கற்பித்த கணக்கில் அது பின்பனிக்காலம்! குறுந்தொகையில் ஔவையார் பாட்டொன்றில் முற்றிய பிரம்பங்கனியைக் குளத்துக் கெண்டை கவ்வும் காட்சியை எத்தனையோ முறை அவர் சுவைபட விளக்கியிருக்கிறார். பாட்டிலுள்ள கனியாகவும், வகுப்பில் மேசைமேல் கிடந்த கோலாகவும் மட்டுமே அவர் பிரம்பை அறிந்திருந்தார். பின்னதைப் பற்றி அவருடைய பழைய மாணவர்கள் இன்னும் விரிவாகக் கூறக்கூடும்.

மற்றொன்றும் நினைவுக்கு வந்தது. அதே மாதங்களில்தான் தோட்டத்தில் பால்மரங்கள் இலை உதிர்க்கும். காடு முழுதும் செந்நிறமாகி, பின் மொட்டையாகி நிற்கும். பால் குறையும், வெட்டுக்கூலியும் குறையும். தந்தையார் அந்நாள்களில் விறகு சேர்ப்பார். லயத்து வீட்டின் பலகைகளைச் செப்பனிடுவார். நனைந்து கிடந்ததையெல்லாம் வெயிலில் எடுத்துப் போடுவார். “மழை திரும்புவதற்குள் முடித்துவிட வேண்டும்” என்பார். எழுத்தறியாத அவர் ஒரு பருவத்தைக் கூலிக் குறைவால் அறிந்திருந்தார். அப்பருவத்திற்கு எந்தப் பாடநூலிலும் பெயரில்லை. முப்பது ஆண்டுகளில் ஒரு நாளேனும் அதைப் பலகையில் எழுதிக் காட்டியதில்லை என்பது ஆசிரியரை உறுத்தியது. ஆறு பருவங்களைக் கற்பித்தது பிழையன்று. தமிழ்ப் பிள்ளை அவற்றை அறியாமல் இலக்கியத்தின் படியேற முடியாது. ஆயினும் ஏழாவது ஒன்று பள்ளிச் சாளரத்திற்கு வெளியே நின்றுகொண்டிருந்தது.

2019-இல் தைப்பூசம் ஜனவரி 21-இல் வந்தது. முதல் நாள் நகரத்தார் வெள்ளிரதம் பினாங்கு ஸ்திரீட்டிலிருந்து புறப்பட்டபோது, தேங்காய் உடைத்த சாலை வெயிலில் விரைவாகக் காய்ந்தது. (அந்நகரத்தாரின் முன்னோர் அதே தெருவின் கிட்டங்கிகளில் பெட்டியடியின் முன் தரையில் அமர்ந்தே பெருஞ்செல்வத்தைக் கணக்குப் பார்த்தார்கள். நாற்காலி இன்றியும் உலகம் நடந்திருக்கிறது.) சாப் கோ மே பிப்ரவரி 19-இல் முடிந்தது. மறுநாள் காலை ஆசிரியர் ஐந்தடியில் நின்றார். முதியவர் அவரை மறக்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார்: கூரையில்லாத தரையில் இதை வைப்பதானால் முன்பணம் வேண்டாம், போய்விடுங்கள் என்றார். நேர்வெயில் பிரம்பை முறுகச் செய்யும். மழை கறுக்கச் செய்யும். ஆசிரியர் முன்வாசல் கூரையின் கீழ் வைப்பதாக உறுதி கூறினார்.

மார்ச்சு முதல் வாரத்தில் இரண்டு நாற்காலிகளும் முடிந்தன. அவற்றை உடனே கொடுக்கவில்லை. ஐந்தடியில் இன்னும் பத்து நாள் காற்றாட நிறுத்தி, மூட்டுகளைத் தட்டிப் பார்த்து, இரண்டு இடங்களில் அவிழ்த்து மீண்டும் கட்டிய பின்னரே முதியவர் அனுப்பி வைத்தார். கடையில் அவருக்கு உதவியாக வேறு எவரும் இல்லை என்பதை ஆசிரியர் அந்தப் பத்து நாள்களில் கவனித்தார். கேட்கவில்லை.

ஏப்ரல் நடுவில் ஒரு மாலை. கொடிமலையின் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பழைய தளவாடத்தில் எஞ்சிய மேசையை ஆசிரியர் கால் வெட்டிச் சிறிதாக்கி, கூரைக்கு அடியில் போட்டிருந்தார். அதன்மேல் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. மனைவியாரின் நாற்காலியைப் பிடித்துக்கொண்ட பேரன் ஏட்டை விரித்து வைத்துப் பெரும்பொழுதுகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தான்.

“தாத்தா, இப்போது சித்திரை மாதந்தானே? இது எந்தப் பொழுது?”

முதல் துளிகள் சிமெண்டுத் தரையில் விழுந்தன. ஆசிரியர் எழுந்தார்.

“இளவேனில் என்று எழுது” என்றார். “எழுதிவிட்டு நாற்காலியை இரண்டு முழம் உள்ளே இழு.”