பல்லைப் பிடிச்சுப் பாக்கத்தான் வேணும்

"தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கிறதோ?" எண்டு எங்கட ஆக்கள் சொல்லுவினம். சும்மா கிடைச்சதில குறை தேடக்கூடாது எண்டது அதின்ர கருத்து. கேக்க மரியாதையான பேச்சாத்தான் இருக்கு. ஆனா போருக்குப் பிறகு வடக்கில குடுபட்ட "வாழ்வாதார உதவி"களை யோசிக்கேக்க, இந்தப் பழமொழியால நட்டப்பட்டது ஆர் எண்ட கேள்வி எனக்கு வருது.

தையல் மெஷின், மா அரைக்கிற மெஷின், சீமெந்துக்கல் அரியிற அச்சுப்பெட்டி எண்டு குடுபட்ட சாமான்களில கனக்க, இன்னொரு பொருளைச் செய்யிற கருவிகள். இங்கதான் விசயம் இருக்கு. ஒருத்தருக்குக் கால் ஆடுற கதிரையைக் குடுத்தா ஒரு கதிரைதான் பிழை. கோணலான அச்சைக் குடுத்தா அதில இருந்து வாற ஆயிரம் கல்லும் கோணல்.

என்ர சித்தி ஒராளுக்கு அப்பிடி ஒரு அச்சுப்பெட்டி கிடைச்சது. குடுத்தது ஆர், செய்தது எந்தப் பட்டறை எண்டது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. மண்டபத்தில கூட்டம், பேச்சு, படம் எல்லாம் முடிஞ்சு, "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" எண்ட படிவத்தில கையெழுத்தும் வைச்சிட்டுத்தான் பெட்டியை வீட்ட கொண்டு வந்தவ. முதல் லோட் கல்லை வாங்கின மேசன் ரெண்டாம் நாளே திருப்பிச் சொல்லிவிட்டார்: கல்லு ஒரு பக்கம் உயரம், வரி நேராப் போகுதில்லை. நான் ரேப் பிடிச்சுப் பாத்தன். பெட்டியின்ர ஒரு பக்கம் மற்றதை விட 3 மில்லிமீற்றர் கூட.

மூண்டு மில்லிமீற்றர் என்ன பெரிய காரியமோ எண்டு நினைக்கலாம். 12 வரி கட்டுற சுவரில கூடின பக்கமெல்லாம் ஒரே பக்கமா விழுந்தா 36 மில்லிமீற்றர். அதைச் சரிக்கட்ட மேசன் ஒவ்வொரு வரிக்கும் சாந்து கூடப் போடவேணும்.

அகலத்தில பிழைச்சா நட்டம் வேற இடத்தில. 6 அங்குலக் கல், அதாவது 150 மில்லிமீற்றர் அளவில வரவேண்டிய முழுக்கல், 155இல வந்தா ஆயிரம் கல்லுக்கு 33 கல்லின்ர கலவை கூடப் போகுது. வாங்கிற ஆள் அதுக்குக் காசு தரமாட்டார். மண்ணும் சீமெந்தும் சித்தியின்ர காசு.

"போய்ச் சொல்லுங்கோவன் சித்தி" எண்டு கேட்டன். "சும்மா தந்ததுக்கு எப்பிடியடி குறை சொல்லுறது? அடுத்தமுறை பேரை வெட்டிப்போடுவினம்" எண்டா. மாட்டின்ர பல்லைப் பற்றின பழமொழி வேலை செய்யிற விதம் இதுதான்.

பெரிய தொழிற்சாலைகளில இந்தப் பழமொழி செல்லாது. வெளியில செய்விச்ச அச்சு வந்து இறங்கினா, முதலில வரைபடத்தோட ஒப்பிட்டு அளப்பினம். பிறகு அதைப் பூட்டி, முதல் கொஞ்சப் பொருளைச் செய்து அதுகளையும் அளப்பினம். அது சரிவந்தாப் பிறகுதான் மிச்சக் காசு குடுக்கிற ஒப்பந்தங்களும் உண்டு. அதோட விடுறதுமில்லை. அச்சு தேயும். எங்கட கல்லுப் பெட்டியை மண்ணே உரஞ்சித் தேய்க்கும். ஆனபடியா இத்தனை பொருளுக்கு ஒருக்கா எண்டு கணக்கு வைச்சுத் திரும்பவும் அளக்க வேணும்.

கலைப்பீடத்தில படிக்கிற எனக்கு இது அந்நியமான விசயமாப் படேல்லை. 1849இல் ஆறுமுக நாவலர் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில அச்சுக்கூடம் வைச்சதைப் படிச்சிருக்கிறம். அவரின்ர பதிப்புகளுக்குப் பேர் வந்தது பிழையில்லாத பாடத்தால. அச்சுக்கூடத்தில முழுப்பிரதியும் அடிக்க முதல் ஒரு படி எடுத்து வாசிச்சுத் திருத்துறம் தானே, "புரூஃப்" எண்டு. தொழிற்சாலைக்காரர் முதல் பொருளை அளக்கிறதும் அதேதான். அச்சுப்பிழை ஒரு படியில நிக்காது எண்டது ரெண்டு பேருக்கும் தெரியும். தமிழில ரெண்டுக்கும் "அச்சு" எண்ட ஒரே சொல்லு இருக்கிறதும் பொருத்தம்தான்.

சீமெந்துக் கல்லுக்கு இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின்ர எஸ்.எல்.எஸ். 855 எண்ட தரம் இருக்கு. வீட்டுத்திட்டக் காலத்தில கல்லின்ர தரத்தைப் பற்றி நல்லாவே கதைபட்டது. 2012இல் தொடங்கின இந்திய வீட்டுத்திட்டத்தின்ர இரண்டாம் கட்டத்தில ஒரு புதுவீட்டுக்கு 550,000 ரூபா. அதைப் பகுதி பகுதியாக் குடுத்து, வீட்டுக்காரரே கட்டினவை. அந்தக் காசுக்குள்ள கட்டி முடிக்கப் பாத்த குடும்பத்துக்கு ஒவ்வொரு கல்லும் கணக்கு. கல்லைச் சோதிக்க வேணும் எண்டு எல்லாரும் ஒத்துக்கொள்ளுவினம். கல்லைப் பெறுற பெட்டியை ஆர் சோதிக்கிறது?

அதுக்குப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. பெட்டியின்ர ரெண்டு மூலைவிட்டத்தையும் ரேப்பால அளந்தா, ரெண்டும் ஒண்டா இருக்க வேணும். இல்லாட்டிப் பெட்டி கோணல். நாலு மூலையிலயும் உயரம் பாக்கவேணும். அகலத்துக்கு நான் சித்திக்கு ரெண்டு தடி வெட்டிக் குடுத்தன். ஒண்டு 149, மற்றது 152 மில்லிமீற்றர். முதல் தடி பெட்டிக்குள்ள போகவேணும், ரெண்டாவது போகக்கூடாது. உயரத்தை உள்ளூர் வெல்டிங் பட்டறையில சரிக்கட்டினாப் பிறகு, ஒவ்வொரு மாதமும் தடியை விட்டுப் பாக்கிறா. பட்டறைக் காசு அவவின்ர கையால போனது.

அந்தக் காசு அவ குடுத்திருக்கத் தேவையில்லை. உதவி குடுக்கிறவைக்கும் இதில வெக்கப்பட ஒண்டுமில்லை. அவையும் எங்கயோ காசு குடுத்து வாங்கினதுதானே. மண்டபத்தில பெட்டியைக் கையில தந்து படம் எடுக்கட்டும். ஆனா கையெழுத்தை ஒரு கிழமை பிந்தி வாங்கட்டும். வாங்கின ஆள் வீட்ட கொண்டுபோய்ப் பத்துக் கல் அரிஞ்சு, அளந்து பாத்து, பிழையெண்டா திருப்பிக் குடுக்கிறதுக்கு அந்தப் படிவத்திலயே ஒரு வரி இருக்கட்டும். "பேரை வெட்டிப்போடுவினம்" எண்ட பயமில்லாமச் சித்தி நிரப்பக்கூடிய ஒரு வரி.