எண்பத்தஞ்சுக்கு முட்டை!

ஜெயித்தவனைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தோற்றவனுக்கு என்னை விட்டால் யார்? எங்கள் ஆபீஸ் கிரிக்கெட் டீமில் நான் பதினொன்றாவது ஆள் என்பதால், இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தகுதியும் உண்டு.

என் அபிமான தோல்வி டீம், 1939-ம் வருஷத்து சிகாகோ பல்கலைக்கழக ஃபுட்பால் டீம். அமெரிக்க ஃபுட்பால், சார். பெயரில்தான் கால், முக்கால்வாசி வேலை கையில். பந்தை இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும், எதிராளி மேலே விழுந்து அமுக்குவான்.

ஏதோ சோப்ளாங்கி காலேஜ் என்று நினைத்துவிடாதீர்கள். அலோன்சோ ஸ்டாக் என்ற கோச், 1892-லிருந்து 1932 வரை அங்கே ராஜாங்கம் நடத்தினார். 'பிக் டென்' என்கிற பெரிய பல்கலைக்கழகங்களின் பட்டத்தை 7 தடவை வாங்கிக்கொடுத்தார். எழுபது வயசானதும் 'ரிட்டயர் ஆகுங்கள்' என்றார்கள். மனுஷர் வேறு காலேஜில் கோச்சாகப் போய்விட்டார்!

அவர் போன பிறகும் ஜே பெர்வாங்கர் என்று ஒரு சூரன் இருந்தான். 1934-ல் மிச்சிகனை 27-0 என்று துவைத்தார்கள். அன்று பெர்வாங்கரை அமுக்கப் போன மிச்சிகன் பையன் ஒருவனுக்குக் கன்னத்தில் வெட்டுக்காயம். பையன் பெயர் ஜெரால்டு ஃபோர்டு. பிற்பாடு அமெரிக்க ஜனாதிபதி! 1935-ல் பெர்வாங்கருக்கு, பின்னால் ஹெய்ஸ்மன் என்று பிரசித்தமான கோப்பை கிடைத்தது. அதை வாங்கிய முதல் ஆள் அவன்தான். 1936-ல் தொழில்முறை டீம்கள் முதல் முதலாக ஏலம் மாதிரி ஆள் எடுத்தபோதும் முதல் பெயர் அவனுடையதே. சம்பளம் கட்டுபடியாகவில்லை. ஐயா ஃபோம் ரப்பர் விற்கப் போய்விட்டார். நம்ம ஜாதி!

அப்புறம் ஏன் கவிழ்ந்தது? பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹச்சின்ஸ். முப்பது வயசில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர். படிப்பு என்றால் படிப்பு. மற்ற இடங்களில் ஆட்டக்காரப் பையன்களுக்கு உதவிப்பணம், லேசான பாடம் என்று தாங்கினார்கள். இங்கே அந்த சௌகரியமெல்லாம் கிடையாது. மதராஸ் பிரசிடென்சி காலேஜில் படித்த நம்ம சந்திரசேகர் 1937-ல் இங்கே வேலைக்குச் சேர்ந்ததும் ஹச்சின்ஸ் காலத்தில்தான். நோபல் வாங்க ஆள் பிடித்தார்கள். பந்து பிடிக்க ஆள் இல்லை.

வந்தது 1939. முதல் மேட்சில் பெலாய்ட் என்ற சின்ன காலேஜிடம் 6-0 தோல்வி. அடுத்து வபாஷை 12-2 ஜெயித்து மூச்சு விட்டார்கள். பிறகு ஹார்வர்டு 61, இவர்கள் முட்டை. அதற்கடுத்து மிச்சிகன் 85, இவர்கள் முட்டை! ஐந்தே வருஷம் முன்னால் துவைத்து எடுத்த அதே மிச்சிகன். விர்ஜினியா 47, ஓஹியோ ஸ்டேட் 61, இல்லினாய்ஸ் 46. எல்லாவற்றுக்கும் பதில் முட்டைதான். எட்டு மேட்ச்சில் வாங்கியது 308 பாயின்ட், போட்டது 37.

டிசம்பரில் ஃபுட்பாலையே இழுத்து மூடினார்கள். பழைய மாணவர்கள் பொருமினார்கள். ஹச்சின்ஸ் அசையவில்லை.

ஸ்டாக் பெயர் தாங்கிய அந்த மைதானம் என்ன ஆயிற்று? 1942 டிசம்பர் 2-ம் தேதி, அதன் மேற்கு காலரிக்கு அடியில் என்ரிகோ ஃபெர்மி கோஷ்டி கிராஃபைட்டையும் யுரேனியத்தையும் அடுக்கி, கட்டுப்பாட்டுக்குள் நடந்த முதல் அணுத் தொடர்வினையைச் சாதித்தது. அணு யுகம் பிறந்தது, கைதட்ட ஆள் இல்லாத ஃபுட்பால் காலரிக்குக் கீழே. 1970-ல் அதே மைதானத்தில் பெரிய லைப்ரரி எழும்பியது. 1969-ல் ஃபுட்பாலும் அடக்க ஒடுக்கமாகத் திரும்பி வந்துவிட்டது.

ஹச்சின்ஸ் செய்தது சரியா என்று இன்றைக்கும் பட்டிமன்றம் வைக்கலாம். என் ஓட்டு அவருக்குத்தான். ஆனால் கைதட்டல் அவருக்கு இல்லை. மிச்சிகனிடம் 85 வாங்கிய பிறகும் நான்கு மேட்ச் பாக்கி இருந்தது, கவனித்தீர்களா? உதவிப்பணம் இல்லை, பேர் இல்லை. எதிரே நிற்பவன் நசுக்கப் போகிறான் என்று நிச்சயமாகத் தெரியும். இருந்தும் அந்தப் பையன்கள் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். அந்த நான்கில் மூன்று தர்ம அடி. நடுவில் ஒன்று, ஓபர்லினுக்கு எதிராக, 25-0.

இந்தத் தடவை முட்டை எதிராளிக்கு!