வெள்ளைப் புள்ளி

அப்பாவின் பிறந்தநாளுக்கு ஆறு நியான் டெட்ரா வாங்கி வந்தேன். பையை அரைமணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டேன். தண்ணீரின் சூடு சமமாகிவிட்டால் போதும் என்று நினைப்பு. பையைக் கவிழ்த்தபோது அப்பா மார்க்கெட்டில் இருந்தார். வீட்டில் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார்.

நாலாம் நாள் அவருடைய கிளவுன் லோச் சரளைக்கல்லில் உரசிக்கொண்டிருந்தது. 11 வருஷமாக வளர்க்கும் மீன். எனக்கு அது விளையாடுற மாதிரிதான் இருந்தது. "அதுக்கு மேல் அரிக்குது" என்றார் அப்பா. மறுநாள் துடுப்பெல்லாம் உப்புத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள். லோச்சுக்குச் செதில் மிகச் சிறியது. இந்த நோயும் அதைச் சுலபமாகப் பிடிக்கும், மருந்தும் அதற்குச் சுலபத்தில் ஒத்துக்கொள்ளாது.

பாதி அளவு மருந்து ஊற்றினேன். மூன்றாம் நாள் புள்ளி எதுவும் இல்லை. "சரியாயிடுச்சுப்பா" என்று நிறுத்திவிட்டேன்.

பிறகுதான் படித்தேன். அந்தப் புள்ளி, தோலுக்கடியில் மீனைத் தின்றுகொண்டிருக்கும் ஒட்டுண்ணி. வயிறு நிறைந்ததும் அதுவே கழன்று விழும். கல்லிலோ செடியிலோ ஒட்டிக் கூடு கட்டி நூற்றுக்கணக்கில் பெருகும். அடுத்த மீனைத் தேடி நீந்தும் அந்தக் குஞ்சுகளைத்தான் மருந்து கொல்லும். தோலுக்குள் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் தொடாது. மீன் சுத்தமாகத் தெரிந்த அன்றுதான் நான் மருந்தை நிறுத்தியிருந்தேன். போதாததற்கு ஃபில்டரில் கரி அப்படியே இருந்தது. ஊற்றிய மருந்தில் பாதியை அது குடித்திருக்கும்.

இரண்டாம் தடவை வந்தபோது அப்பா ஒன்றும் பேசாமல் வேலையைக் கையில் எடுத்தார். கரியை வெளியே எடுத்தார். ஹீட்டரை 30 டிகிரிக்கு ஏற்றினார். சூட்டில் ஒட்டுண்ணியின் சுற்று சீக்கிரம் முடியும், மருந்துக்குச் சீக்கிரம் அகப்படும். சூடான தண்ணீரில் பிராணவாயு குறையும் என்று இன்னொரு ஏர் ஸ்டோன் போட்டார். தினமும் குழாய் வைத்துக் கல்லடியை உறிஞ்சினார். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் இருப்பது குளோராமின், ஒரு ராத்திரி வாளியில் வைத்தால் போய்விடாது. ஒவ்வொரு வாளிக்கும் மருந்துத் துளியை எண்ணி விட்டார்.

டெட்ராக்களில் இரண்டு பிழைத்தன. லோச் பிழைக்கவில்லை.

இப்போது பாம் ஷெல்டரில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், ஒரு சின்னத் தொட்டி இருக்கிறது. புது மீன் எதுவானாலும் நாலு வாரம் அங்கேதான்.

போன மாதம் வந்த அத்தை, "எங்கண்ணே, அந்தப் பெரிய மீனைக் காணோம்?" என்று கேட்டார். "வயசாயிடுச்சும்மா" என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல்.

கிளவுன் லோச் 20 வருஷத்துக்கு மேல் வாழும் என்று எனக்குச் சொன்னதே அவர்தான்.