பழைய பெட்டியும் புதிய பாகங்களும்



வீட்டுக் கணிப்பொறியைப் புதுப்பிப்பது குறித்து எழுத, மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் ஆசிரியனுக்கு என்ன தகுதி இருக்கிறது என்று நீங்கள் வினவலாம். நியாயமான வினாவே. நான் கலைப்பிரிவில் பட்டம் பெற்றவன், மின்னியல் பயின்றவனல்லன். ஆயினும், பதினோரு மாத காலம் இதே எண்ணமாய் இருந்து, பாகம் பாகமாய்த் தேர்ந்து, முடிவில் ஒரு நல்ல கணிப்பொறியையும் ஒரு தீராத மனக்குறையையும் ஒருசேரப் பெற்றவன் என்ற முறையில் சொல்ல வேண்டியவை சில உண்டு.

நாங்கள் குடியிருப்பது லாஸ்பேட்டையில். 2011 டிசம்பர் 30-ஆம் நாள் 'தானே' புயல் புதுவையையும் கடலூரையும் சூறையாடிச் சென்றது பலருக்கும் நினைவிருக்கும். அதற்கடுத்த ஆண்டில்தான் அந்தக் கணிப்பொறி எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தது. இன்டெல் நிறுவனத்தின் இரண்டாம் தலைமுறை 'கோர் ஐ-3' பிராசஸர், 4 ஜி.பி. ரேம், 500 ஜி.பி. ஹார்டு டிஸ்க். அன்று அது எங்களுக்கு ஆடம்பரம். போகப்போக அரிசிப் பானையைப் போல் அத்தியாவசியமாயிற்று. மகளின் பாடங்கள், மாணவர்களின் மதிப்பெண் பட்டியல்கள், குடும்பப் புகைப்படங்கள் என அனைத்தும் அதனுள்தான் இருந்தன.

அவற்றுள் ஒன்றை மட்டும் தனியே குறிப்பிட வேண்டும். நம் வீடுகளில் வழங்கும் சொற்களைத் தொகுப்பது என் நெடுநாள் பழக்கம். குழம்பை 'ஆணம்' என்பதும், காலை உணவு உண்பதைப் 'பசியாறுதல்' என்பதும், பலர் சுற்றி அமர்ந்து உண்ணும் பெருந்தட்டைச் 'சஹன்' என்பதும், காரைக்கால் பக்கம் அண்ணனை 'நானா' என்று விளிப்பதும் நீங்கள் அறிந்தவையே. இவற்றினும் அரிய சொற்கள் முதியவர்களின் நாவில் இன்னும் உயிரோடிருக்கின்றன. துண்டுச் சீட்டுகளில் குறித்துக்கொண்டு வந்து, இரவில் கணிப்பொறியில் தட்டச்சு செய்துவிட்டுச் சீட்டைக் கிழித்தெறிவேன். இவ்வாறு ஏறத்தாழ எண்ணூறு சொற்கள் சேர்ந்திருந்தன.

2024 நவம்பர் 30-ஆம் நாள் 'ஃபெஞ்சல்' புயல் புதுவை அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. வாசற்படி வரை நீர் ஏறிவரக் கண்டு, நானும் மகளும் கணிப்பொறியைத் தூக்கிக் கட்டிலின் மேல் வைத்தோம். நீர் உள்ளே வரவில்லை. நாள்கள் சில சென்று மின்சாரம் வந்தும் போயுமாக இருந்து நிலைபெற்றபின் கணிப்பொறியை இயக்கினேன். உள்ளிருந்து 'டக், டக்' என்று ஓர் ஓசை எழுந்தது. சற்றுப் பொறுத்து அடங்கிற்று. கோப்புகள் திறந்தன. நானும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

அந்த ஓசையின் பொருளைப் பின்னரே அறிந்தேன். ஹார்டு டிஸ்கினுள் வட்டத் தகடுகள் நிமிடத்திற்கு 7200 சுற்று என்னும் அளவில் சுழல்கின்றன. தலைமயிரின் பருமனில் மிகச்சிறு பங்கே உள்ள இடைவெளியில், தகட்டைத் தொடாமல் ஒரு முனை மிதந்து எழுதுகிறது, படிக்கிறது. அம்முனை தன் இடத்தைத் தேடித் தடுமாறும்போதுதான் அத்தகைய ஓசை எழும். அவ்வேளையில் செய்யத்தக்கது ஒன்றே: முக்கியமானவற்றை உடனே வேறிடத்தில் படியெடுத்துவிட்டு, அத்தகட்டுக்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டும்.

நான் செய்தது வேறு. கணிப்பொறிக்கு வயதாகிவிட்டது, புதியது வாங்க வேண்டும் என்று முடிவு கட்டி, எதை வாங்குவது என்ற ஆராய்ச்சியில் இறங்கினேன். அந்த ஆராய்ச்சியில் கற்றவை உங்களுக்கும் பயன்படலாம்; ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் எழுந்த கேள்வி, பழையதையே சீர்செய்து ஓட்ட இயலாதா என்பது. இயலும். எழுதுவதும் படிப்பதும் மட்டுமே வேலை எனில், ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தி, லினக்ஸ் நிறுவினால் பழைய கணிப்பொறியும் துள்ளி எழும். நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் தமிழிலேயே இயங்கும், அதற்குக் கட்டணமில்லை. ஆனால் மகள் வணிகவியல் பயில்கிறாள். கணக்கெழுதும் 'டேலி' மென்பொருளுக்கு விண்டோஸ் வேண்டும். விண்டோஸ்-10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவதாக இருந்தது. விண்டோஸ்-11க்கோ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி கட்டாயம். இன்டெல் பிராசஸரெனில் பொதுவாக எட்டாம் தலைமுறையேனும் வேண்டும். எங்களுடையது இரண்டாம் தலைமுறை.

பிராசஸரை மட்டும் மாற்றிவிடலாமே என்று எண்ணினேன். அங்கேதான் சங்கிலி தொடங்குகிறது. பழைய மதர்போர்டின் பொருத்துமிடத்தில் 1155 தொடுமுனைகள். பன்னிரண்டாம் தலைமுறைக்கு வேண்டியவை 1700. ஆக, மதர்போர்டும் மாற வேண்டும். மதர்போர்டு மாறினால் ரேமும் மாற வேண்டும். பழையது டி.டி.ஆர்.-3, புதியது டி.டி.ஆர்.-4 அல்லது 5. ஒன்றன் வெட்டுப்பள்ளம் மற்றொன்றில் பொருந்தாது. ஒரே வரிசை மதர்போர்டிலும் டி.டி.ஆர்.-4 ஏற்பது ஒன்று, 5 ஏற்பது ஒன்று எனத் தனித்தனியே வருவதால், பெயரை இறுதி எழுத்து வரை படித்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

புதுவையில் ஒரு கடைக்காரர் பொறுமையாகப் பல நுணுக்கங்களைச் சொல்லிக் கொடுத்தார். "பாய், விலை குறையுதேன்னு 'எஃப்' எழுத்து போட்ட பிராசஸரை எடுத்துடாதீங்க. அதுல படம் காட்டுற வசதி கிடையாது. அப்புறம் தனியா கிராஃபிக்ஸ் கார்டு வாங்கணும்" என்றார். ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடித்துப் பல ஆயிரங்களைச் செலவிடும் பொறி அது. அவரே இன்னொன்றும் சொன்னார்: கேபினட்டோடு இலவசம்போல் வரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை நம்பலாகாது. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றித் தருவது அதுவே. அது கெட்டால் தான் மட்டும் கெடாது. உடன் சிலவற்றையும் கெடுத்துவிட்டுப் போகும். '80 பிளஸ்' முத்திரை பெற்ற 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். எங்களைப் போன்ற வீடுகளுக்குப் போதும்.

மாற்ற வேண்டாதவையும் உண்டு. கேபினட்டின் அளவுமுறை 1995-இல் வகுக்கப்பட்டது. இன்றும் பெரும்பாலும் அதுவே தொடர்கிறது. எனவே எங்கள் பழைய கேபினட்டிலேயே புதிய மதர்போர்டு அமரும். பழைய மானிட்டரில் வி.ஜி.ஏ. இணைப்பு மட்டுமே இருந்ததால், அவ்வசதியுள்ள மதர்போர்டாகப் பார்த்துக்கொண்டால் மானிட்டர் செலவும் மிச்சம். பழைய விண்டோஸ் உரிமத்தை மட்டும் நம்பியிருக்கலாகாது. கணிப்பொறியோடு சேர்ந்து வந்த உரிமம் பெரும்பாலும் அதன் மதர்போர்டோடு முடிந்துவிடும்.

இதோடு நின்றேனா? ஒரு விடுமுறை நாளில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்தேறிச் சென்னை சென்று, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவையும் சுற்றி வந்தேன். அலுவலகங்கள் கழித்துக்கட்டிய எட்டாம் தலைமுறைக் கணிப்பொறிகள் துடைத்துச் செப்பனிடப்பட்டு அங்கே அடுக்கடுக்காய் நின்றன. விலையும் மலிவு. கையில் பணம் குறைவாக உள்ளவர்கள் தாராளமாய்க் கருதத்தக்க வழி அது. ஆனால் பழுதானால் 150 கிலோமீட்டர் சுமந்து செல்ல வேண்டுமே என்று தயங்கித் திரும்பினேன். அடுத்த மாதம் பார்ப்போம், பண்டிகைத் தள்ளுபடி வரட்டும், புதிய தலைமுறை வந்தால் பழையதன் விலை இறங்கும் என்று மாதங்கள் ஓடின. "அத்தா, இன்னும் முடிவு பண்ணலையா?" என்று மகள் கேட்கும்போதெல்லாம், "அவசரப்பட்டு வாங்கக் கூடாதும்மா" என்று அறிவுரை சொன்னேன். முன்னறையில் அந்த 'டக், டக்' அவ்வப்போது கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

2025 நவம்பரில் ஒரு நாள் இரவு, ஹார்டு டிஸ்க் விடாமல் தட்டிற்று. திரை கருத்தது. பிறகு எழவேயில்லை.

பதற்றத்தில் ஐந்தாறு முறை அணைத்து அணைத்து இயக்கினேன். அதுவும் பிழை. நோயுற்ற தகட்டை மீண்டும் மீண்டும் சுழலவிட்டால் எஞ்சியிருப்பதும் கீறிப்போகும். மறுநாள் பழுதுநீக்கும் இளைஞர் ஒருவர் அதை வேறொரு கணிப்பொறியில் இணைத்து, லினக்ஸ் வழியாகக் கிடைத்தவரை படியெடுத்துத் தந்தார். புகைப்படங்களில் பல மீண்டன. சொற்கோவையில் முதல் ஐந்நூறு சொற்கள் 2019-இல் எடுத்து வைத்த ஒரு பென்டிரைவில் பத்திரமாய் இருந்தன. அதன்பின் சேர்த்த முந்நூறில் இருநூறு போல மீண்டன. நூறு சொற்கள் போய்விட்டன. மீட்புக்கென்றே உள்ள பெருங்கூடங்களில் தகட்டைத் திறந்து முயல்வார்களாம். அதற்காகும் செலவு என் சம்பளத்திற்கு எட்டாதது.

போனவற்றில் பெரும்பகுதி முல்லா வீதியில் வாழ்ந்த ஒரு மூதாட்டி சொன்னவை. "இதெல்லாம் எழுதி என்ன தம்பி செய்யப் போறீங்க?" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். 2023-இல் அவர் மறைந்துவிட்டார். விருந்தில் பிந்தி வருபவருக்கென்று எடுத்து வைக்கும் பங்குக்கு அவர் ஒரு சொல் சொன்னார். பொருள் நினைவில் இருக்கிறது. அவர் சொன்ன திண்ணையும், கையை அசைத்துக் காட்டிய விதமும் நினைவில் இருக்கின்றன. சொல் மட்டும் வரவில்லை. பலரைக் கேட்டுவிட்டேன்.

படியெடுக்க ஆகியிருக்கக்கூடியது அரைமணி நேரம். பென்டிரைவ் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. எந்தப் பாகம் சிறந்தது என்று பதினோரு மாதம் ஆராய்ந்தவனுக்கு, அந்தக் கணிப்பொறி எதற்காக வீட்டில் இருக்கிறது என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

தாமதத்தின் தண்டனை அத்தோடும் நிற்கவில்லை. டிசம்பரில் கடைக்குச் சென்றபோது ரேமின் விலையைக் கேட்டுத் திகைத்தேன். செயற்கை நுண்ணறிவுக்காக உலகெங்கும் எழும் தரவு மையங்களுக்கே நினைவகச் சில்லுகள் பெருமளவில் போவதால், சில மாதங்களுக்குள் விலை இருமடங்கையும் தாண்டியிருந்தது. அந்த மாதம்தான் மைக்ரான் நிறுவனம், பொதுமக்களுக்கு விற்கும் தன் 'குரூஷியல்' வணிகத்திலிருந்தே விலகுவதாக அறிவித்தது. 16 ஜி.பி. என்று போட்டிருந்த திட்டத்தை 8 ஆகக் குறைத்து, ஒரே துண்டாக வாங்கி, மற்றோர் இடத்தைக் காலியாக விட்டுவைத்தேன். விலை இறங்கும் நாளில் இன்னொன்றைச் செருகிக்கொள்ளலாம். ஐ-3 12100 பிராசஸர், டி.டி.ஆர்.-4 ஏற்கும் மதர்போர்டு, 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி., எஸ்.எம்.பி.எஸ். எல்லாம் சேர்ந்து, விண்டோஸ் உரிமம் நீங்கலாக, முப்பதாயிரத்தைத் தொட்டும் தொடாமலும் வந்தது. 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யோடு முறையான ரசீது பெற்றேன். ரசீது இல்லையேல் உத்தரவாதம் கேட்க வழியில்லை.

புதிய கணிப்பொறி விரைவாக ஓடுகிறது. ஆனால் அதில் சொற்கோவையைத் திறந்தபோது, தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாய் நின்றன. நான் தட்டச்சு செய்தது 'பாமினி' என்னும் பழைய எழுத்துருவில். அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்தும் முறை. அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் தமிழ் தெரியாது. யூனிகோடு முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் உலகெங்கும் ஒரே எண். தமிழ்நாடு அரசும் 2010-இல் அதை ஏற்றது. 'என்.எச்.எம். கன்வர்ட்டர்' என்ற இலவச மென்பொருளால் எழுநூறு சொற்களையும் மாற்றினோம். மகள் உடனிருந்து ஒவ்வொரு பக்கமாய்ச் சரிபார்த்தாள்.

எஸ்.எஸ்.டி. வாங்கியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதில் சுழலும் பாகம் ஏதுமில்லை; ஆகவே ஓசையுமில்லை. கெடும்போது பெரும்பாலும் சொல்லாமலே கெடும். பழைய தகடாவது பதினோரு மாதம் கதவைத் தட்டியது. எனவே இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் வெளித்தகடு ஒன்றில் படியெடுத்து விடுகிறோம். மற்றொரு படி என் தங்கை வீட்டில் இருக்கிறது. புயலும் மழையும் வந்துபோகும் ஊரில் இரண்டையும் ஒரே கூரையின்கீழ் வைப்பது சரியன்று. கழற்றிய பழைய பாகங்களைக் குப்பையில் எறியவில்லை. அவற்றில் ஈயம் முதலான நச்சுப்பொருள்கள் உண்டு. பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பிப்பதே முறை.

உங்கள் வீட்டுக் கணிப்பொறிக்கும் வயதாகியிருக்கலாம். எந்தப் பிராசஸர், எத்தனை ஜி.பி. என்ற கேள்விகளுக்கு விடை காண நாள்கள் ஆகட்டும், தவறில்லை. அதற்கு முன், இந்த இதழை மூடி வைத்துவிட்டு, திரும்பக் கிடைக்காதது எதுவோ அதை மட்டுமாவது இன்றிரவே படியெடுத்து வையுங்கள்.

இன்னுமொரு வேண்டுகோள். விருந்துக்குப் பிந்தி வருபவருக்கென்று எடுத்து வைக்கும் பங்குக்கு உங்கள் வீட்டு முதியவர்கள் என்ன சொல் வழங்குகிறார்கள் என்று கேட்டு, இதழின் முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள்.