சுமையும் பொறுப்பும்

ஜொகூர் மாநிலத்தின் கிழக்குக் கரையில், தென்சீனக் கடலை நோக்கி அமைந்த ஊர் மெர்சிங். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும் காலத்தில் அங்கே கடல் கொந்தளிக்கும். மீன்பிடிப் படகுகள் கரையில் ஒதுங்கும். தியோமான் தீவுக்குச் செல்லும் படகுகளும் குறையும். அப்பருவத்தில் இல்லங்களில் ஒரு சிறு பணி பெரும்பணியாகிவிடும். கொடியில் உலரும் துணிகளை மழைக்கு முன்னரே எடுத்தாக வேண்டும்.

அவ்வூரில் ஒரு தாய், தன் மகளையும் மகனையும் நெடுநாள் எந்த வேலையும் செய்ய விட்டதில்லை. துணியைக் கொடியிலிருந்து எடுக்கக்கூட அழைத்ததில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அவள் ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். குளிர்ந்த விடியற்பொழுதில்தான் மரம் நன்றாகப் பால் சுரக்கும். ஆதலின் பொழுது புலருமுன்னே பெற்றோர் பெரட்டுக்குப் புறப்பட்டுவிடுவர். தம்பியை இடுப்பில் சுமந்து ஆயாக்கொட்டகையில் விட்டு, குடத்தில் நீர் நிரப்பி வைத்து, அதன் பின்னரே அவள் பள்ளிக்கு ஓடுவாள். பிந்திச் சென்று வகுப்பறை வாயிலில் நின்ற நாள்கள் பல. தான் பட்ட பாடு தன் பிள்ளைகள் படலாகாது என்று அவள் உறுதி பூண்டதில் வியப்பில்லை.

ஆயினும் ஒரு மழைநாளில் அவள் கடுங்காய்ச்சலில் விழுந்தாள். கணவர் வெளியூர் சென்றிருந்தார். பானையில் சோறு இருந்தது. ஒன்பது வயது மகளோ, யாரேனும் எடுத்துத் தருவார்கள் என்று அடுப்படியில் காத்து நின்றாள். தம்பி பசியால் அழுதான். காய்ச்சலைவிட அக்காட்சியே தாயை மிகுதியாகச் சுட்டது. அன்பென்று எண்ணிச் செய்தது, பிள்ளைகளின் கைகளைக் கட்டிவிட்டதன்றோ!

சுமை வேறு, பொறுப்பு வேறு. பெரியவர்களின் தேவைக்காகக் குழந்தையின் காலத்தை எடுத்துக்கொள்வது சுமை. குழந்தையின் வளர்ச்சிக்காகப் பெரியவர்கள் தம் காலத்தைக் கொடுப்பது பொறுப்பு. இரண்டிலும் குழந்தையின் கையில் இருப்பது அதே துடைப்பந்தான்.

இவ்வேறுபாட்டை நன்குணர்ந்தவர் இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி. 1907ஆம் ஆண்டு உரோமாபுரியின் சான் லொரென்சோ பகுதியில் அவர் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். பகலெல்லாம் உழைக்கச் சென்ற ஏழைப் பெற்றோரின் பிள்ளைகளே அங்கு வந்தனர். தோட்டத்துப் பிள்ளைகளின் நிலைக்கு அவர்கள் நிலை அயலன்று. கை கழுவுதல், பொத்தான் இடுதல், நீர் ஊற்றுதல், தரை பெருக்குதல் ஆகியவற்றையே அவர் பாடமாக்கினார். மேசையும் நாற்காலியும் குழந்தையின் உயரத்துக்கு இருந்தன. 1939இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். உலகப்போர் மூண்டமையால் 1946 வரை இப்பகுதியிலேயே தங்க நேர்ந்தது. அம்முறை தமிழ் மண்ணிலும் வேரூன்ற அதுவே வாய்ப்பாயிற்று.

இதனை இல்லத்தில் செய்வதற்குப் பொருட்செலவு வேண்டுவதில்லை, பொறுமையே வேண்டும். நான்கு வயதில் தட்டுகளை எடுத்து வைக்கலாம். ஆறு வயதில் துணி மடிக்கலாம். மறுநாளைக்குரிய புத்தகப் பையைத் தானே அடுக்கலாம். எட்டு வயதில் அரிசி களையலாம். நீர் சிந்தினால் கடிந்துகொள்ளாமல் துடைக்கும் துணியைக் கையில் கொடுத்தல் வேண்டும். கோணலாக மடித்த துணியைக் குழந்தை காணப் பிரித்து மீண்டும் மடிப்பது, அதன் உழைப்பை அவமதிப்பதாகும். இன்னொன்றும் மறக்கலாகாது: துடைப்பத்தை மகளிடம் மட்டும் நீட்டும் வீட்டில், மகள் சுமக்கிறாள், மகன் ஊனமுறுகிறான். இருவருமே கற்பதில்லை.

மெர்சிங் தாய் மெல்லத் தொடங்கினாள். முதலில் அவளுக்கு வேலை குறையவில்லை, கூடிற்று. தானே செய்தால் ஐந்து நிமிடத்தில் முடிவதற்கு அருகில் நின்று அரைமணி நேரம் காத்திருந்தாள். பள்ளி செல்லும் நேரத்தில் எந்த வேலையும் ஏவுவதில்லை என்பதை மட்டும் தனக்கு விதியாக வைத்துக்கொண்டாள்.

அடுத்த பருவமழை வந்தது. வானம் கறுத்த ஒரு மாலையில் அவள் முற்றத்துக்கு விரைந்தாள். கொடி வெறுமையாக இருந்தது. உள்ளே மகள் துணிகளைப் பிரித்து வைக்க, மகன் தன் சட்டையைக் கோணலாக மடித்துக்கொண்டிருந்தான். அவள் அதைத் திருத்தவில்லை.