வருகைப் பதிவேட்டில் இல்லாத மடிக்கணினி

புதிதாக வாங்கிய மடிக்கணினியில் லினக்ஸ் போடுவது, பழைய மடிக்கணினியில் போடுவதைவிடச் சிரமம். கேட்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். கார், கைப்பேசி, குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றிலும் புதியதுதான் தொல்லை தராது. லினக்ஸில் அப்படியில்லை. ஐந்து வயதான மடிக்கணினி, பென்டிரைவைச் செருகியவுடன் எழுந்து உட்கார்ந்துவிடும். போன மாதம் கடைக்கு வந்தது முரண்டு பிடிக்கும்.

மடிக்கணினி தயாரிப்பவர்கள் விண்டோஸுக்கு வேண்டிய டிரைவர்களைக் கையோடு கொடுத்துவிடுகிறார்கள். லினக்ஸுக்கு அப்படி எல்லாரும் கொடுப்பதில்லை. சில்லு தயாரிக்கும் நிறுவனத்தின் பொறியாளர் எழுதுவதும் உண்டு, யாரோ ஒரு தன்னார்வலர் தன் வீட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுவதும் உண்டு. எழுதியது லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் போக வேண்டும். அந்தக் கெர்னல் உபுண்டு போன்ற தொகுப்புகளுக்குள் வர வேண்டும். அதற்கெல்லாம் மாதங்கள் பிடிக்கும். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்தபோது இதை எழுதத் தொடங்கினார். அப்போது அது அவரிடம் இருந்த வன்தட்டு வகையை மட்டும்தான் ஆதரித்தது. வேறு வகை அவரிடம் இல்லை, அவ்வளவுதான். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் குணம் முழுதாகப் போய்விடவில்லை. யாரிடமாவது அந்தப் பொருள் இருக்க வேண்டும், அவருக்கு அதைச் சரிசெய்யும் பொறுமையும் இருக்க வேண்டும்.

சென்ற ஆண்டு செப்டம்பரில் நான் ஒரு புதிய மடிக்கணினி வாங்கினேன். வாரத்தில் மூன்று மாலைகள் எஸ்.பி.எம். மாணவர்களுக்கு இணையம் வழி தமிழ் இலக்கியம் நடத்துகிறேன். தேர்வுக்கு இரண்டு மாதமே இருந்த நேரத்தில் பழைய கணினி கண்ணை மூடிவிட்டது. புதியதை இயங்குதளம் எதுவும் இல்லாமல் விற்றார்கள். அதனால் சில நூறு ரிங்கிட் குறைவு. ஆறு ஆண்டுகளாக உபுண்டுவில்தான் வினாத்தாள் தயாரிக்கிறேன் என்பதால் விண்டோஸ் இல்லாதது எனக்குக் குறையாகப் படவில்லை. குறை இருந்தால் ஏழு நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று கடையில் சொன்னார்கள். இந்த ஏழு நாள்தான் பின்னால் என் தூக்கத்தைக் கெடுத்தது.

தம்பியிடம் இருந்த பென்டிரைவில் உபுண்டு 24.04, அதாவது 2024 ஏப்ரலில் வெளிவந்த பதிப்பு. அதன் கெர்னல் 6.8. திரை வந்தது, விசைப்பலகை வந்தது, வைஃபை மட்டும் வரவில்லை. அந்தக் கெர்னலுக்கு இந்த வைஃபை சில்லு அறிமுகமே இல்லை. புதிய கெர்னலை இறக்கினால் சரியாகிவிடும். ஆனால் இறக்குவதற்கு இணையம் வேண்டுமே! இந்தச் சிக்கலுக்கு ஒரு நல்ல வழி உண்டு, எல்லாரும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியைக் கேபிளால் மடிக்கணினியோடு இணைத்து, கைப்பேசி அமைப்பில் யூஎஸ்பி டெதரிங்கை முடுக்கிவிட்டால் போதும். கைப்பேசியின் இணையம் கம்பி இணைப்புபோல மடிக்கணினிக்கு வந்துவிடும். அப்படித்தான் 6.14 கெர்னலை இறக்கினோம். மறுமுறை திறந்தபோது வைஃபை வந்துவிட்டது.

தமிழ்த் தட்டச்சுக்கு ஐந்து நிமிடம் ஆனது. ஐபஸ், எம்17என் என்ற இரண்டையும் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை வந்துவிடும். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம். முரசு அஞ்சல் பிறந்த நாட்டில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிறகுதான் மைக். ஒலிபெருக்கியில் பாட்டுக் கேட்டது, கேமராவில் முகம் தெரிந்தது, ஆனால் நான் பேசினால் எதிர்முனையில் மௌனம். ஒலி அமைப்பைத் திறந்து பார்த்தால் உள்மைக் என்று ஒன்று அந்த மடிக்கணினியில் இருப்பதாகவே காட்டவில்லை. கைப்பேசி இயர்போனைச் செருகினால் அதன் மைக் வேலை செய்தது. முதல் வாரத்து வகுப்புகள் அந்த ஒயரில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. தலையைத் திருப்பினால் ஒயர் சட்டைக் காலரில் உரசி, மாணவர்களுக்கு மழை பெய்வதுபோல் கேட்குமாம்.

என் கவலை ஒயர் அல்ல. மைக் உண்மையிலேயே பழுதா, அல்லது லினக்ஸுக்குத்தான் அதைத் தெரியவில்லையா? பழுது என்றால் ஏழு நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பழுது இல்லையென்றால், திருப்பிக் கொடுத்து வாங்கும் அதே மாடலும் இதேபோல் ஊமையாகத்தான் இருக்கும். “ஏன்க்கா இவ்வளவு சிரமம்? விண்டோஸையே வாங்கிப் போட்டுடலாமே?” என்றான் தம்பி. நியாயமான யோசனைதான். ஆனால் அதற்குக் கொடுக்கும் காசில் நான் மிச்சம் பிடித்தது போய்விடும்.

தேடிப் பார்த்ததில் தெரியவந்தது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. இந்த வகை ரைசன் செயலிகளில் உள்மைக் செயலிக்குள் இருக்கும் ஒலிப் பகுதியோடு நேராக இணைகிறது. அங்கே மைக் இணைக்கப்பட்டிருக்கிறதா இல்லையா என்பதை மடிக்கணினியின் பயாஸ் சொல்ல வேண்டும். பல மாடல்களில் பயாஸ் சொல்வதில்லை. அதனால் கெர்னலுக்குள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள்: இந்த நிறுவனத்தின் இந்த மாடல், இதில் மைக் உண்டு. அடுத்து இன்னொரு மாடல். இப்படி வரிசையாகப் பல. பட்டியலில் பெயர் இருந்தால் மைக் விழிக்கும், இல்லாவிட்டால் இல்லை.

இது அப்படியே வகுப்பறை வருகைப் பதிவேடு! மாணவன் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறான். பெயர் பதிவேட்டில் ஏறாததால் ஆசிரியர் கூப்பிடவில்லை, கூப்பிடாததால் அவன் வாய் திறக்கவில்லை. என் மாடலின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. அதே வரிசையில் முந்தைய மாடலின் பெயர் இருந்தது. நம்பிக்கை வந்தது அதனால்தான்.

பெயரைச் சேர்க்கச் சொல்லி யார் வேண்டுமானாலும் கேட்கலாம். டிஎம்ஐடிகோட் என்ற கட்டளை மடிக்கணினியின் தயாரிப்பாளர் பெயரையும் மாடல் எண்ணையும் அப்படியே எடுத்துக் கொடுக்கும். அதை இணைத்து, எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று எழுதி, கெர்னல் பிழைகளைப் பதியும் இடத்தில் போட்டேன். அன்று மூன்றாம் நாள். ஐந்தாம் நாள் காலையில் முன்பின் தெரியாத ஒருவர் பதில் எழுதியிருந்தார். எந்த நாட்டுக்காரர் என்று இன்றுவரை தெரியாது. ஏழு வரி. என் மாடலின் பெயர் சேர்ந்த ஏழு வரி. சோதித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார்.

அன்றிரவு தம்பி அந்த ஏழு வரியைச் சேர்த்துக் கெர்னலை மறுபடி தொகுத்தான். நம் கையால் தொகுத்ததைச் செக்யூர் பூட் ஏற்காது என்பதால் அதைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தோம். நள்ளிரவு தாண்டியது. “பேசுக்கா” என்றான். என்ன பேசுவது என்று தெரியாமல் மறுநாள் வகுப்புக்கு வர வேண்டிய மாணவர்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னேன். திரையில் ஒலி அளவைக் காட்டும் பட்டை ஒவ்வொரு பெயருக்கும் துள்ளியது. மடிக்கணினியைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

வேலை செய்கிறது என்று எழுதியபோது, குறிப்பில் சேர்ப்பதற்கு என் பெயரையும் மின்னஞ்சலையும் கேட்டார். பிழையைச் சொன்னவர், சோதித்தவர் என்று பெயர் போடுவது அங்கே வழக்கம். கொடுத்தேன். அந்த ஏழு வரி முறைப்படி கெர்னலில் சேர்ந்து, உபுண்டுவின் வழக்கமான புதுப்பிப்பில் என்னிடம் திரும்பி வர ஏறக்குறைய ஆறு வாரம் ஆனது. அதுவரை உபுண்டு புதிய கெர்னல் தரும்போதெல்லாம் மைக் மறுபடி ஊமையாகிவிடும், தம்பி மறுபடி தொகுப்பான். ஒவ்வொரு முறைக்கும் ஒரு பிரியாணி என்று கணக்கு வைத்திருக்கிறான். மூன்று பாக்கி.

இது எல்லாருக்கும் ஏற்ற வழி என்று சொல்ல மாட்டேன். மறுநாளே அலுவலகக் கூட்டத்தில் பேச வேண்டியவருக்கு ஆறு வாரம் என்பது பதிலே அல்ல. புதிதாக வாங்குகிறவர்கள் மாடல் எண்ணோடு லினக்ஸ் என்று சேர்த்துத் தேடிப் பாருங்கள். கடையில் அந்த மாடல் காட்சிக்கு இருந்தால், அனுமதி கேட்டு உங்கள் பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பாருங்கள். உபுண்டுவை நிறுவாமலேயே வைஃபை, ஒலி, மைக், கேமரா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்பதையெல்லாம் பத்து நிமிடத்தில் சோதித்துவிடலாம். நான் வாங்கிய மாடல் பிரிக்காத பெட்டியில்தான் இருந்தது.

கைரேகைப் பட்டை மட்டும் இன்னும் வேலை செய்யவில்லை. அந்தச் சில்லுக்கு லினக்ஸில் டிரைவரே இல்லை. அது பட்டியலில் பெயர் சேர்க்கிற வேலையல்ல, உட்கார்ந்து முழுதாக எழுத வேண்டியது. தினமும் கடவுச்சொல்லைத் தட்டித்தான் உள்ளே போகிறேன்.